இமய மலைச் சாலையில் ஒரு கோடைப் பயணம்

தில்லி, சண்டிகர், ஜெய்ப்பூர், லக்னோ முதலிய நகரங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு மே, ஜூன் ஆகிய இரு திங்களும் பெருஞ் சோதனைக் காலமாகும். வெப்ப நிலை 45 பாகையைத் தொட்டு நிற்கும். 'லூ' என்னும் அனற்காற்று நண்பகலில் தெருவை வெறிச்சோடச் செய்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊருக்குச் சென்று வரலாம் என்றால், இரயிலில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்துப் போய்ச் சேர்ந்தாலும் மதுரையிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் நமக்காகக் காத்திருக்கும். ஆகவே, நம்மவர் பலர் இப்போது வடக்கு நோக்கி, இமய மலையை நோக்கிப் புறப்படுகின்றனர். முன்னெல்லாம் சிம்லாவும் முசூரியும் எல்லையாக இருந்தன. சாலைகள் செம்மைப்பட்டபின் அந்த எல்லை லாஹூலையும் லடாக்கையும் எட்டிவிட்டது.

அவ்வாறு புறப்பட்ட நண்பர் நால்வருள் நாங்களும் சேர்ந்தோம். மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையே எங்கள் வழி. லே நகரை நாங்கள் சென்றடையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும், அந்த மலை எங்களுக்குக் கற்பித்தவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையது என்று கருதியே இவ்வுரையை எழுதத் துணிந்தோம். மலைச் சாலை எவ்வாறு அமைந்திருக்கிறது, உயரம் மனித உடலையும் மோட்டார் வண்டியையும் எவ்வாறு தாக்குகிறது, அதற்கேற்ப நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பனவே இங்கு ஆராயப்படும் பொருள்கள்.

நாம் அறிந்த மலையும் அறியாத மலையும்

தமிழர்களாகிய நமக்கு மலை என்றால் உதகையும் கொடைக்கானலும் ஏற்காடுமே நினைவுக்கு வரும். அங்கே குளிர் உண்டு, மூடுபனி உண்டு, வளைவுகளில் சிலருக்குக் குமட்டல் வருவதும் உண்டு. அதற்கு மேல் மலையினால் ஒரு தீங்கும் வருவதில்லை. இதற்குக் காரணம் உயரமே. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நீலகிரியின் முடியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்ததான ஆனைமுடி 2,695 மீட்டர். உயரத்தினால் உண்டாகும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும் என்பது மருத்துவர் கண்ட முடிபு. எனவே, தெற்கே மலை முடிகின்ற இடத்தில்தான் இமயத்தின் தொல்லை தொடங்குகிறது. இளமை முதல் நாம் ஏறி இறங்கிய மலைகள் இதைப் பற்றி நமக்கு எதையும் சொல்லித் தந்திருக்க இயலாது. மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். அதாவது, கொடைக்கானலின் உயரமே. அதுவரை நாம் நன்கு அறிந்த மலையில்தான் இருக்கிறோம். அறியாத மலை அதற்கு அப்பால் உள்ளது.

எங்களுள் ஒருவர் கணக்குத் துறையில் பணிபுரிபவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றொருவர் பொறியியல் கற்றவர். நால்வரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகரில் அண்டை அயலாராக வாழ்பவர்கள். பொங்கலையும் தீபாவளியையும் ஒன்றாகக் கொண்டாடியவர்கள். கணக்குத் துறை நண்பரே எங்களுள் உடல் வலிமை மிக்கவர். நாள்தோறும் விடியற்காலையில் பூங்காவில் ஐந்து மைல் நடப்பவர். அவரைக் குறித்து யாருக்கும் கவலை இருக்கவில்லை. ஆசிரியர் சற்றே பருத்த உடலினர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மலையில் யாருக்கேனும் துன்பம் வருமாயின் அவருக்குத்தான் வரும் என்று நாங்கள் கேலி பேசியதுண்டு.

ஜூன் திங்களின் நடுவில் ஒரு நாள், பொழுது புலரும் முன் காரில் புறப்பட்டோம். தில்லியிலிருந்து மணாலி ஏறத்தாழ 540 கிலோ மீட்டர். வழியில் மண்டியில் ஓர் இரவு, மணாலியில் ஈரிரவு, லாஹூலில் உள்ள ஜிஸ்பாவில் ஈரிரவு, சர்ச்சுவில் ஓர் இரவு, ஏழாம் நாள் மாலை லே என்பது எங்கள் திட்டம். மண்டிக்கு அருகே வண்டியின் கிளட்ச் பழுதுபட்டது. அதைச் சரிசெய்ய ஒரு நாள் கழிந்தது. விடுமுறை நாட்களோ எண்ணி வைக்கப்பட்டவை. எனவே, ஜிஸ்பாவில் தங்குவதற்கிருந்த ஈரிரவில் ஒன்றைக் குறைத்துவிட்டோம். ஒரு நாளைக் குறைப்பதில் என்ன குற்றம் என்றே அப்போது எண்ணினோம். பின்னர் வந்த துன்பத்திற்கெல்லாம் வித்து அதுவே.

சுரங்கப் பாதையின் இரு பக்கங்கள்

மணாலிக்கு வடக்கே பீர் பஞ்சால் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. அதைக் கடக்கப் பழங்காலம் தொட்டு மக்கள் பயன்படுத்திய வழி 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய் ஆகும். குளிர் காலத்தில் அக்கணவாய் பனியால் மூடிக்கொள்ளும். லாஹூல் மக்கள் ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் வெளியுலகோடு சாலைத் தொடர்பின்றி வாழ்ந்தனர். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அவர்களுக்கு வழியிருக்கவில்லை. இந்த இடர் தீர, கணவாய்க்குக் கீழே மலையைக் குடைந்து 9.02 கிலோ மீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதையை எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டி முடித்தது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி நிறைவுற்று, 2020 அக்டோபர் 3-ஆம் நாள் 'அடல் சுரங்கப் பாதை' என்னும் பெயரோடு அது திறக்கப்பட்டது. மணாலிக்கும் லே நகருக்கும் இடையே 46 கிலோ மீட்டர் தொலைவு அதனால் குறைந்தது.

சுரங்கத்தின் தென்வாயிலில் நுழையும்போது தேவதாரு மரங்களும் ஈரம் சொட்டும் பாறைகளும் நிறைந்த பச்சை மலை. பத்துப் பதினைந்து நிமிடங்களில் வடவாயிலில் வெளிப்பட்டால், மரஞ்செடி அருகிய பழுப்பு நிற மலை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரைப் பீர் பஞ்சால் தொடர் தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். நம் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் பெருமழை பொழிய, இப்பால் கோவைப் பகுதி மழை குன்றியிருப்பது போன்றதே இதுவும். லாஹூல் மக்கள் பனியாற்று நீரை வாய்க்கால்களில் திருப்பி உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளைவிக்கின்றனர்.

சுரங்கப் பாதையால் விளைந்த நன்மை அளவற்றது. ஆயினும், சமவெளியிலிருந்து வரும் பயணிக்கு அதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. முன்பு ரோத்தாங்கை ஏறி இறங்குவதற்குள் பகற்பொழுதில் பெரும்பகுதி போய்விடும். களைத்த பயணி லாஹூலில் தங்கியே தீர வேண்டும். உடல் உயரத்திற்குப் பழகுவதற்கு அந்தக் கட்டாயத் தங்கல் உதவியது. இன்றோ, காலையில் மணாலியில் புறப்பட்டவர் மாலைக்குள் சர்ச்சுவை அடைந்துவிடலாம். 2,050 மீட்டரில் உறங்கியவர் மறுநாள் இரவே ஏறத்தாழ 4,290 மீட்டரில் உறங்குகிறார். சாலை விரைந்து செல்லக் கற்றுக்கொண்டது; நம் உடல் கற்றுக்கொள்ளவில்லை.

ஏறும் சாலை, பெருகும் நீர்

சுரங்கத்தைக் கடந்தபின் சாலை சந்திரா ஆற்றின் கரையோடு தாண்டி என்னும் சிற்றூருக்குச் செல்கிறது. அங்கே சந்திராவும் பாகாவும் கூடிச் சந்திரபாகா ஆகின்றன. அதுவே பின்னர்ச் சீனாப் என்னும் பேராறாய்ப் பாய்கிறது. இவ்விரு ஆறுகளும் பாராலாச்சா கணவாய்ப் பகுதியில் பிறந்து, எதிரெதிர்த் திசையில் பிரிந்து, மலையைச் சுற்றி வந்து இங்கே சேர்கின்றன. சந்திரா திங்களின் மகள் என்றும், பாகா ஞாயிற்றின் மகன் என்றும், காதலர் இருவரும் கணவாயில் பிரிந்து தாண்டியில் கூடினர் என்றும் அந்நாட்டார் கதை சொல்லுகின்றனர். தாண்டியில் எரிபொருளை நிரம்ப நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது இவ்வழிப் பயணிகள் நெடுங்காலமாகப் போற்றும் விதி. அதற்கு அப்பால் நெடுந்தொலைவு மனிதர் குடியிருப்பே மிகக் குறைவு.

இத்தகைய உயரத்தில் மோட்டார் வண்டியும் மூச்சுத் திணறும். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால், காற்றை அழுத்தித் தரும் டர்போ அமைப்பு இல்லாத எஞ்சின் 4,500 மீட்டர் உயரத்தில் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். தாழ்ந்த கியரில் பொறுமையாக ஏறுவதே முறை. இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறித் தன் பிடியை இழந்துவிடும். குறுகிய சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டும். சரிவில் நின்ற வண்டி மீண்டும் புறப்படுவது கடினம் என்பதே அவ்வழக்கின் காரணம்.

சாலையைக் குறுக்கிட்டு ஓடும் நீரோடைகள் இன்னோர் இடர். இவற்றில் ஓடுவது மழை நீரன்று. பனி உருகிய நீர். வெயில் ஏற ஏறப் பனி உருகும். உருகிய நீர் மலைச்சரிவில் இறங்கிச் சாலையை அடையப் பிற்பகலாகும். விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர், மாலை நான்கு மணிக்கு வண்டியின் சக்கரத்தை மூழ்கடிக்கலாம். எனவே, ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். ஓட்டுநர்கள் இருள் பிரியும் முன்னர்ப் புறப்படுவதன் பொருள் இதுதான்.

குறைவது எது?

மலையுச்சியில் பிராணவாயு குறைவு என்று பொதுவாகச் சொல்லுகிறோம். உண்மையில், காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 21 பங்கே. மாறுவது காற்றின் அழுத்தம். நமக்கு மேலுள்ள காற்றின் சுமையே அழுத்தம் எனப்படுவது. உயரே செல்லச் செல்ல அச்சுமை குறைகிறது. சர்ச்சுவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 60 அளவே. ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் பிராணவாயுவும் அந்த அளவிற்குக் குறைந்துவிடுகிறது.

இதை நமது சமையலறைப் பொருளைக் கொண்டே விளக்கலாம். சர்ச்சுவில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 86 பாகையிலேயே கொதித்துவிடும். நீர் கொதித்தாலும், அரிசி எளிதில் வேகாது. வழக்கமான நேரம் மட்டும் அடுப்பில் வைத்தால் உள்ளே நடுவரிசி நறநறவென்றிருக்கும். பிரஷர் குக்கர் தன்னுள் அழுத்தத்தைப் பெருக்கி, நீரை நூறு பாகைக்கு மேல் சூடேற்றுவதால் சோறு வேகிறது. ஆகையால், அங்குள்ள கூடாரங்களிலும் குக்கரின் சீழ்க்கை ஒலி கேட்கும். அரிசிக்குக் குக்கர் உதவியது. மனிதனுக்கோ அத்தகைய குக்கர் இல்லை. அவன் காலம் கொடுத்துத்தான் பழக வேண்டும்.

பழகுதல் எவ்வாறு நிகழ்கிறது? பிராணவாயு குறைந்தவுடன் நாம் அறியாமலே மூச்சு விரைகிறது. விரைந்த மூச்சினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, குருதியின் காரத் தன்மை கூடுகிறது. கூடவே, 'மூச்சைக் குறை' என்று மூளை ஆணையிடுகிறது. இவ்விரு ஆணைகளுக்கும் இடையே சிக்கிய உடல், இரவில் சில நொடி மூச்சை நிறுத்தியும், பின் திடுக்கிட்டு வாங்கியும் துன்புறுகிறது. சிறுநீரகம் சில நாட்களில் அக்காரத்தை வெளியேற்றிச் சமநிலை காண்கிறது. குருதியில் செவ்வணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். இப்பணிகளில் ஒன்றையும் நம் விருப்பத்தால் விரைவுபடுத்த முடியாது. நாள்தோறும் நடப்பவர், பளு தூக்குபவர், இளைஞர் என்பதனால் யாருக்கும் சலுகை இல்லை. வலிமை மிக்கவர்கள் விரைந்து ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து மிகுதி என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வுண்மையை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1962-ஆம் ஆண்டில் சீனப் போர் மூண்டபோது சமவெளியில் இருந்த படைவீரர்கள் விரைந்து இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். பகைவரின் குண்டு படாமலே பலர் மூச்சுத் திணறி வீழ்ந்தனர். அதன்பின், படை மருத்துவராகிய இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து, மலை நோயைப் பற்றிய தம் முடிவுகளை 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி அது.

சர்ச்சுவில் ஓர் இரவு

ஜிஸ்பாவில், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், ஓரிரவு தங்கி மறுநாள் காலை புறப்பட்டோம். 4,850 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சாவில் சாலையின் இருமருங்கும் பனி ஆளுயரம் நின்றது. நாங்கள் இறங்கிப் படம் எடுத்தோம். கணக்குத் துறை நண்பர் மட்டும் வண்டியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூக்கம் போதவில்லை என்றார். பிற்பகல் மூன்று மணிக்குச் சர்ச்சுவை அடைந்தோம். இரவு அவர் சோற்றைத் தொடவில்லை. பசியில்லை என்றார். நாங்கள் மேலும் கேட்கவில்லை. கேட்டால் வரக்கூடிய விடையை அறிய நாங்கள் விரும்பவில்லை என்பதே உண்மை.

நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவில் அவர் வாந்தியெடுத்தார். தலைவலி பொறுக்க முடியவில்லை என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். அது ஜிஸ்பாவிலேயே தொடங்கிவிட்டதாம். "எல்லாரும் ஓராண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து வந்திருக்கிறீர்கள், என்னால் பயணம் கெட வேண்டாமே என்றுதான் சொல்லவில்லை" என்றார். 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய, விரல் நுனியில் மாட்டிக் குருதியின் பிராணவாயுவை அளக்கும் கருவி ஆசிரியரிடம் இருந்தது. எங்கள் மூவருக்கும் 80-க்கு மேல் காட்டிய அது, அவருக்கு 68 என்று காட்டியது. யார் துன்புறுவார் என்று கேலி செய்தோமோ அந்த ஆசிரியர் ஒரு குறையுமின்றி அமர்ந்து, நண்பரின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூடாரத்தின் உரிமையாளர் லாஹூலைச் சேர்ந்த முதியவர். அவர் பிராணவாயு உருளை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மூன்றரை மணிக்கு, நண்பரை எழுந்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நடக்க வேண்டும். நண்பர் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் குடித்தவரைப் போல் தள்ளாடிச் சாய்ந்தார். முதியவர் இந்தியில் ஒரே சொற்றொடர் சொன்னார்: இனி விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இறக்கிவிடுங்கள் என்று.

எங்கே இறக்குவது? இங்கேதான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. லே பெரிய நகரம், அங்கே பெரிய மருத்துவமனை உண்டு, முன்னோக்கிச் செல்வோம் என்றார் பொறியியல் நண்பர். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆசிரியர் வரைபடத்தை விரித்தார். சர்ச்சு இரு கணவாய்களுக்கு இடையே கிடக்கும் தொட்டில். முன்னே சென்றால் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா வளைவுகளில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேற்பட்ட லாச்சுலுங் கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 4,600 மீட்டரில் உள்ள பாங்கில் இறங்கி, மோரே சமவெளியைத் தாண்டி, மீண்டும் 5,328 மீட்டர் உயரமுள்ள தாங்லாங் கணவாயை ஏற வேண்டும். அதைக் கடந்து சிந்து நதிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும்வரை சர்ச்சுவைவிட மிகத் தாழ்ந்த இடம் இல்லை. லே நகருக்கு ஏறத்தாழ 250 கிலோ மீட்டர். ஒரு பகல் முழுதும் ஆகும். பின்னே சென்றாலும் பாராலாச்சாவை ஒருமுறை ஏறத்தான் வேண்டும். ஆனால், ஒன்றரை மணி நேரத்தில் அதைக் கடந்துவிடலாம். அதன் பின் ஜிஸ்பா வரை இறக்கமே. மருத்துவமனை எவ்வளவு பெரியது என்பதன்று கேள்வி. தாழ்ந்த நிலம் எவ்வளவு அருகில் உள்ளது என்பதே கேள்வி. பொறியியல் நண்பர் மறுமொழி சொல்லாமல் வண்டியின் சாவியை எடுத்தார்.

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். முதியவர் உருளையை எங்களிடமே கொடுத்து, ஜிஸ்பாவில் தம் உறவினரிடம் சேர்த்துவிடச் சொன்னார். அதற்கென முன்பணம் ஏதும் கேட்கவில்லை. ஓடைகள் அந்நேரத்தில் அடங்கிக் கிடந்தன. பாராலாச்சாவில் கிழக்கு வெளுத்தது. நண்பர் பேச்சுக் குழறியபடி இருந்தார். ஆசிரியர் அவர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தார். தார்ச்சாவை நெருங்கும்போது, கண்ணைத் திறந்து, "காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். அச்சொல்லைக் கேட்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை லே நகரம் தந்திருக்க முடியாது. கேலாங் மருத்துவமனையில் மருத்துவர் அவரைப் பார்த்தார். நோய் மூளையைத் தொடத் தொடங்கியிருந்தது என்றும், இறக்கியதே மருந்து என்றும் சொன்னார். மறுநாள் மாலை நண்பர் எங்களோடு ஆற்றங்கரையில் நடந்தார். எஞ்சிய விடுமுறையை லாஹூலிலேயே கழித்துத் திரும்பினோம்.

பயணிகள் கைக்கொள்ள வேண்டியவை

இனி, இவ்வழியே செல்ல விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். 3,000 மீட்டருக்கு மேல், ஓரிரவு உறங்கும் இடத்திற்கும் அடுத்த இரவு உறங்கும் இடத்திற்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு கொள்ள வேண்டும் என்பதும் இன்றைய மருத்துவ நெறி. பகலில் உயரக் கணவாயைக் கடப்பது அத்துணைத் தீங்கன்று. உறங்கும் உயரமே முதன்மையானது. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். எங்கள் முதல் திட்டப்படி ஈரிரவு தங்கியிருந்தாலும் அது மிகுதியே. ஓரிரவாகக் குறைத்தது அறியாமை. லடாக்கை முதன்முறை காண்போர் ஸ்ரீநகர் வழியே செல்லுதல் நலம். அவ்வழியில் சோஜி கணவாய் 3,528 மீட்டரே. இடையில் தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்கும் சற்றுத் தாழ்ந்தது. உச்சமாகிய போத்து கணவாய் 4,108 மீட்டர். லே நகரில் உடல் பழகியபின் மணாலி வழியே திரும்பலாம். விமானத்தில் செல்வோர் லே நகரில் இறங்கியதும் இரு நாளேனும் ஓய்வு கொள்ள வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டு திங்கள்களில் மணாலிக்குக் கீழுள்ள வழி மண்சரிவுக்கு உள்ளாவது. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகிச் சாலையையே அடித்துச் சென்றது. பயணத் திட்டத்தில் ஓரிரு நாட்களை வெறுமையாக விட்டு வையுங்கள். வண்டி பழுதுபட்டால் அந்நாட்களை எடுத்துக்கொள்ளலாம். உடல் பழக வேண்டிய நாளில் கை வைக்காதீர்கள். இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். தடுப்பு மருந்து உண்டு. அதையும் மருத்துவர் சொல்லியே உண்ண வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை அடக்குவன, தவிர்க்க வேண்டும். தலைவலியோடு பசியின்மையோ குமட்டலோ சேர்ந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையுடன் இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் இறங்க வேண்டும். பிராணவாயு உருளை இறங்கும் நேரத்தைத் தரும், இறங்குதலுக்கு ஈடாகாது.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது இன்னொன்று உண்டு. அயலாரோடு செல்லும்போது தலை வலித்தால் நாம் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். நெருங்கிய நண்பர்களோடு செல்லும்போதுதான், அவர்கள் மகிழ்ச்சி கெடுமே என்று மறைக்கிறோம். அவர்களும், நம் மனம் நோகுமே என்று கேளாது விடுகின்றனர். அன்பின் பெயரால் இரு பக்கமும் காக்கும் இந்த மௌனம் மலையில் உயிரைக் குடிக்கக் கூடியது. ஆகவே, புறப்படும் முன்பே நண்பர்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்: நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் கேட்பது, கேட்டவரிடம் உள்ளதைச் சொல்வது, ஒருவர் இறங்க வேண்டுமானால் அனைவரும் மறுப்பின்றி இறங்குவது. திரும்பும் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டால், மலையில் யாரும் யாருக்கும் பயணத்தைக் கெடுத்தவராகமாட்டார்.

லே நகரில் விடுதிக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. நகரத்தையும் நாங்கள் இன்னும் காணவில்லை. திரும்பி வரும் வழியில் தாண்டியில் வண்டியை நிறுத்தி, இரண்டு ஆறுகள் கூடும் இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்குத் துறை நண்பர் இப்போதும் நாள்தோறும் ஐந்து மைல் நடக்கிறார். வருகின்ற ஜூன் திங்களுக்கு ஸ்ரீநகர் வழியாகப் புறப்பட நாட்குறிப்பு எழுதியவரும் அவரே. கார்கிலுக்கு நேராக இரண்டு இரவுகள் என்று எழுதி, அதன் அடியில் இருமுறை கோடிட்டிருக்கிறார்.